தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டில் இளம் ஆட்டக்காரர் மதிப்பீடு

தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டில் இளம் ஆட்டக்காரர் மதிப்பீடு என்பது பள்ளி, மாவட்டம், கழகம் ஆகிய நிலைகளில் ஆடும் இளைஞர்களுள் எவர் மாநில அணிக்கும் அதற்கு மேற்பட்ட நிலைகளுக்கும் தகுதியானவராக வளரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கும் பணியாகும். தேர்வாளர்கள், பயிற்சியாளர்கள், கழக நிருவாகிகள், ஐபிஎல் அணிகளின் திறன் தேடுநர்கள் ஆகியோர் இதில் ஈடுபடுகின்றனர். இன்று நன்றாக ஆடுபவரைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் எளிது. ஐந்து ஆண்டுகள் கழித்து, இன்றைவிட வலிமையான எதிரணிக்கு எதிராக நன்றாக ஆடக்கூடியவரைக் கண்டறிவது மிகவும் கடினம். இக்கணிப்பு அடிக்கடி தவறிப்போகிறது. ஆகையால் ஒரு மாநிலத்தின் திறன் வளர்ப்பு அமைப்பை அதன் தேர்வாளர்களின் கூர்மையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. தவறிய கணிப்பைத் திருத்திக்கொள்ள அது எத்தனை வழிகளை வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த டி. நடராஜன், சென்னையில் கட்டடக்கலை பயின்ற வருண் சக்கரவர்த்தி ஆகிய இருவரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பேஸ்பால் பண்ணை முறையுடன் ஒப்பீடு

இளம் ஆட்டக்காரர் மதிப்பீடு தனியொரு துறையாகவே வளர்ந்துள்ள விளையாட்டு, பேஸ்பால் எனப்படும் அமெரிக்க அடிபந்தாட்டமாகும். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிருவாகி பிராஞ்ச் ரிக்கி, சிறிய ஊர்களின் அணிகளில் பங்குகளை வாங்கி, அவற்றைத் தம் அணிக்கு ஆட்டக்காரர்களை விளைவித்துத் தரும் நாற்றங்கால்களாக மாற்றினார். இதற்குப் 'பண்ணை முறை' என்னும் பெயர் நிலைத்தது. 2021 முதல் முதன்மை லீக்கின் 30 அணிகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு துணை அணிகள் உள்ளன. இவற்றிற்கும் கீழே தொடக்க நிலை லீக்குகள் உண்டு. இளைஞர் ஒருவர் பெரும்பாலும் கீழ்ப்படியில் சேர்ந்து, ஒவ்வொரு படியாக மேலேறுகிறார்.

இவர்களை மதிப்பிட 20 முதல் 80 வரையிலான அளவுகோல் பயன்படுகிறது. இதில் 50 என்பது முதன்மை லீக்கின் சராசரித் திறன். பந்தை அடித்தல், வலுவாக அடித்தல், ஓட்டம், எறிதல், தடுத்தல் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண்கள் இடப்படும். ஒவ்வொரு திறனுக்கும் இன்றைய மதிப்பெண், எதிர்கால மதிப்பெண் என இரண்டு தரப்படுவது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டு மாவட்டத் தேர்வு முகாம்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் எனலாம்.

பேஸ்பாலில் இளைஞரின் ஒப்பந்தம் தாய் அணியிடம் இருப்பதால், அவர் முதிரும்வரை ஊதியம், பயிற்சி, மருத்துவம் ஆகியவற்றின் செலவு அந்த அணியைச் சேர்ந்தது. இவ்வூதியம் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது. கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்கான முதல் கூட்டு ஒப்பந்தம் 2023 இல்தான் கையெழுத்தானது. ஆயினும் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தவரே காத்திருப்பின் செலவையும் ஏற்கிறார் என்பது இம்முறையின் அடிப்படை. ஓர் அணி இளைஞரை முடக்கி வைத்திருக்கவும் வழியில்லை. நான்கு அல்லது ஐந்து பருவங்களுக்குப் பின்னரும் முதன்மைப் பட்டியலில் சேர்க்கப்படாதவரை வேறோர் அணி எடுத்துக்கொள்ளலாம் என்று 'ஐந்தாம் விதி' கூறுகிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய ஒற்றை உரிமையாளர் எவரும் இல்லை. மாவட்டச் சங்கம், சென்னைக் கழகம், அக்கழகத்தை ஆதரிக்கும் நிறுவனம், மாநிலச் சங்கம், ஐபிஎல் அணி ஆகியவை ஆளுக்கொரு பகுதியை ஏற்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் இடைவெளியை ஆட்டக்காரரின் குடும்பமே தாங்க நேர்கிறது.

படிநிலைகள்

இன்றைய தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தொடக்கம் 1930 இல் அமைந்த சென்னை கிரிக்கெட் சங்கமாகும். இச்சங்கம் நடத்தும் லீக்கில் முதற் பிரிவு தொடங்கிப் பல பிரிவுகள் உள்ளன. வெற்றி தோல்விகளுக்கு ஏற்பக் கழகங்கள் மேற்பிரிவுக்கு ஏறுவதும் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும் உண்டு. ஜாலி ரோவர்ஸ், விஜய் கிரிக்கெட் கழகம் போன்றவை முதற் பிரிவில் புகழ்பெற்றவை. தொழில் நிறுவனங்கள் கழகங்களை ஆதரித்து, ஆட்டக்காரர்களுக்கு வேலையோ உதவித்தொகையோ வழங்குவது சென்னை லீக்கின் நெடுநாள் வழக்கம். பண்ணை முறைக்கு மிக அண்மையில் வரும் கூறு இதுவேயாகும்.

லீக்கிற்கு வெளியே வயது வாரியான மாவட்டங்களுக்கிடையேயான போட்டிகள் நடைபெறுகின்றன. 1909 இல் தொடங்கிய புச்சிபாபு நினைவுக் கோப்பை, மாநில அணிக்குப் போட்டியிடுவோரைச் சோதிக்கும் களமாக நெடுங்காலம் விளங்கியது. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த இப்போட்டி 2023 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இவற்றிற்கு மேலே ரஞ்சிக் கோப்பை உள்ளது. அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்றது. சென்னை அணி ஒரே நாளில் வென்ற அவ்வாட்டத்தில் ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தனை பழைமையான அமைப்பைக் கொண்ட மாநிலம் ரஞ்சிக் கோப்பையை 1954-55, 1987-88 ஆகிய இரு பருவங்களில் மட்டுமே வென்றிருப்பது வியப்புக்குரியது.

2016 ஆகத்தில் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) இப்படிநிலையை மாற்றியமைத்தது. எட்டு அணிகள் பங்கேற்கும் இந்த இருபது ஓவர் போட்டியில் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஆடுகின்றனர். கீழ்ப்பிரிவு ஆட்டக்காரர் ஒருவர் டெஸ்ட் ஆட்டக்காரருக்கு எதிராக, தொலைக்காட்சி ஒளிபரப்பின் முன் ஆடும் வாய்ப்பு இதனால் உருவானது. நத்தம், சங்கர் நகர், பின்னாளில் வாழப்பாடி என ஆட்டங்கள் சென்னைக்கு வெளியேயும் நடந்தன. தொடக்கத்தில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள், 2023 முதல் ஏலத்தின் வழியே அணிகளில் சேர்ந்தனர்.

மாவட்டமும் சென்னையும்

திருவண்ணாமலை போன்ற மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது இப்படிநிலை வேறுவிதமாகத் தோன்றும். 1989 இல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் பெயரில் டிஎன்பிஎல் அணி எதுவும் இருந்ததில்லை. தலைநகரான கோயில் நகரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் புறப்பட்டுச் சென்னையில் லீக் ஆட்டம் ஆடி இரவில் திரும்புவது நடைமுறைக்கு ஒவ்வாதது. எனவே மாவட்ட ஆட்டக்காரர் ஒருவர் சென்னை லீக்கில் கால் பதிக்க விரும்பினால், பதினெட்டு இருபது வயதில் அங்கே அறை எடுத்துத் தங்கவேண்டும். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடமோ, கழகத்தின் வழியே வேலையோ கிடைக்காதவருக்கு இது பெரும் சுமை.

ஊரிலேயே இருப்பவருக்கு மாவட்ட அணியே வாயில். ஒரு வயதுப் பிரிவில் ஒரு பருவத்தில் கிடைக்கும் மாவட்ட ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று மழையால் நின்றாலும், ஒன்றில் நடுவர் தவறாக ஆட்டமிழப்பு அறிவித்தாலும் அப்பருவமே போய்விடுகிறது. சென்னையில் ஆடுபவருக்கு அடுத்த வாரமே அடுத்த ஆட்டம் உண்டு.

இதனால் மாவட்டங்களில் மிகுதியாக ஆடப்படுவது டென்னிஸ் பந்து கிரிக்கெட்டாகும். அறுவடை முடிந்த வயல்களிலும் நீர் வற்றிய ஏரிகளிலும் நடைபெறும் இப்போட்டிகளில் சில திறன்கள் கூர்மையடைகின்றன, சில வளர்வதேயில்லை. டென்னிஸ் பந்தில் தையல் விளிம்பு இல்லாததால், தரையில் பட்டு விலகும் பந்தை வீசக் கற்க இயலாது. எல்லைக்கோடு அருகில் இருப்பதால் சற்றே அளவு தவறிய பந்தும் ஆறு ஓட்டங்களாகிவிடும். காலடியில் விழும் யார்க்கரும் வேகம் குறைத்த பந்துமே பந்துவீச்சாளருக்குப் புகலிடம். மட்டையாளர்களோ பந்தைத் தூக்கி அடிக்கக் கற்றுக்கொள்கின்றனர், விட்டுவிடக் கற்பதில்லை. டென்னிஸ் பந்து ஆட்டக்காரரை மதிப்பிடுபவர், தோல் பந்துக்கு மாறும்போது இவற்றுள் எது நிலைக்கும், எது கழியும் என்று பிரித்தறிய வேண்டும்.

எண்களைப் படித்தல்

கீழ்ப்பிரிவுகளின் புள்ளிவிவரங்களை நேரடியாக ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒரு மட்டையாளர் ஒரு பருவத்தில் ஒன்பது முறை ஆட்டமிழந்து 270 ஓட்டங்கள் எடுத்ததாகக் கொள்வோம். அவரது சராசரி 30. அவற்றுள் ஓர் ஆட்டத்தில், ஓட்டம் எதுவும் எடுக்காத நிலையில் அவர் கொடுத்த பிடியை எதிரணி தவறவிட்டு, அதன்பின் அவர் 90 ஓட்டங்கள் எடுத்திருந்தால், அப்பிடி பிடிக்கப்பட்டிருக்கும் நிலையில் அவரது சராசரி 20 மட்டுமே. முப்பதுக்கும் இருபதுக்கும் இடையே மாவட்ட அணியில் இடம் உண்டா இல்லையா என்பதே முடிவாகிவிடும். வேறுபாடோ மற்றொருவரின் கையில் பந்து நின்றதா நழுவியதா என்பதுதான். ஆட்டங்களின் எண்ணிக்கை குறையும் அளவுக்குச் சராசரியின் நம்பகத்தன்மையும் குறைகிறது.

எதிரணியின் தரம், ஆடுகளத்தின் தன்மை, ஆட்டக்காரரின் வயது ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். 17 வயதில் முதற் பிரிவில் 30 ஓட்டச் சராசரி வைத்திருப்பவர், 24 வயதில் நான்காம் பிரிவில் 50 வைத்திருப்பவரைவிடப் பொதுவாக நம்பிக்கைக்குரியவர். பொதுவாக என்பது இங்கு முக்கியமான சொல். பின்னர் விவரிக்கப்படும் இருவரும் இவ்விதியின்படி முதலிலேயே கழிக்கப்பட்டிருப்பர்.

விக்கெட்டுகளின் எண்ணிக்கையைவிட விட்டுக்கொடுத்த ஓட்டங்களும், மட்டையாளர் பந்தைத் தவறவிட்ட விதமும் விரைவில் உண்மையைக் காட்டும் என்பது பல பயிற்சியாளர்களின் கருத்து. விக்கெட்டுக்குக் களத்தடுப்பாளரின் உதவியும் எதிரணியின் அவசரமும் தேவைப்படலாம். மட்டையாளர் மீண்டும் மீண்டும் பந்தின் திசையைத் தவறாகக் கணிப்பதற்குப் பந்துவீச்சாளரே காரணம்.

வயது

வயதே அளவுகோலாக இருப்பதால் வயதைத் திருத்துவதும் இவ்வமைப்பின் பழைய நோயாக உள்ளது. இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 2012 முதல், இடது மணிக்கட்டின் ஊடுகதிர்ப் படத்தைக் கொண்டு எலும்பு வயதைக் கணிக்கும் டானர்-வைட்ஹவுஸ் முறையைப் பயன்படுத்தி வருகிறது. இம்முறை எலும்பின் முதிர்ச்சியை அளக்கிறதே தவிரப் பிறந்த நாளை அன்று. எனவே விரைவாக வளரும் உடலைக்கொண்ட நேர்மையான சிறுவனும் இதில் தகுதியிழக்கக்கூடும்.

வாரியத்தின் வயதுப் பிரிவுகள் செப்டம்பர் 1 ஐ எல்லையாகக் கொண்டவை. செப்டம்பரில் பிறந்தவர் தம் பிரிவில் மூத்தவராகவும், ஆகத்தில் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு இளையவராகவும் ஒரே முகாமில் நிற்கின்றனர். 14 வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலுவிலும் பெரிய இடைவெளி. மூத்தவர் தேர்வாகிறார், தேர்வானதால் நல்ல பயிற்சி பெறுகிறார், அப்பயிற்சியால் அடுத்த ஆண்டும் சிறந்து விளங்குகிறார். முதல் தேர்வு சரியென்று மெய்ப்பிக்கப்பட்டதுபோல் தோன்றும். உலகெங்கும் பல விளையாட்டுகளில் இவ்விளைவு கண்டறியப்பட்டுள்ளது. ஒருவர் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் ஒருமுறை மட்டுமே ஆடலாம் என்று வாரியம் 2016 இல் எடுத்த முடிவு, இளையோர் நிலையிலேயே தங்கிவிடும் போக்கைக் குறைத்தது.

மிக இளம் வயதில் கண்டறியப்பட்டவர்களுக்கு எடுத்துக்காட்டு எல். சிவராமகிருஷ்ணன். 1981-82 பருவத்தில், 16 வயதில், தில்லிக்கு எதிரான தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1983 ஏப்ரலில், 17 வயதில், மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் ஆடினார். 1984 இல் இங்கிலாந்துக்கு எதிரான மும்பை டெஸ்டில் 12 விக்கெட்டுகளை எடுத்த அவருடைய டெஸ்ட் வாழ்வு 9 ஆட்டங்களுடன் 1986 இல், 20 வயதில் முடிந்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் தவறு செய்தார்கள் எனக் கூறமுடியாது. தேர்ந்தெடுத்தபின் என்ன செய்வது என்பதற்கே அன்று விடை இல்லை.

டி. நடராஜன்

1991 இல் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த நடராஜன், டென்னிஸ் பந்து போட்டிகளில் பெயர் பெற்றவர். அவ்வூரைச் சேர்ந்த ஜெயபிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 2010-11 பருவத்தில் நான்காம் பிரிவில் ஆடத் தொடங்கிய அவர், பின்னர் விஜய் கழகம், ஜாலி ரோவர்ஸ் எனப் படிப்படியாக மேலேறி, 2015 சனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். அவருக்கு அப்போது 23 வயது. உடனேயே அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது எனப் புகார் எழுந்தது. வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது 2005 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதியாகும். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் இதை எவரும் அளப்பதில்லை. தமிழ்நாட்டின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்டோரின் உதவியுடன் அவர் தம் முறையையே மாற்றி அமைத்துக்கொண்டார்.

இங்கே அமைப்பு அவரைக் கைவிட்டிருக்கலாம். ஒரே ரஞ்சிப் பருவம், ஐயத்துக்குரிய கை, 24 வயது ஆகியவற்றைக் காகிதத்தில் பார்ப்பவர் வேறு முடிவெடுக்க மாட்டார். 2016 இல் டிஎன்பிஎல் தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடிய அவர், சமநிலையை முறிக்கும் சூப்பர் ஓவர் ஒன்றில் அடுத்தடுத்து யார்க்கர்களை வீசியது பலரின் கவனத்தை ஈர்த்தது. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 இலட்சம் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அப்பருவத்தில் 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகள் மட்டுமே கிடைத்தன. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்கு வாங்கி, 2018, 2019 பருவங்களில் ஓர் ஆட்டத்திலும் அவரைக் களமிறக்கவில்லை.

2020 பருவத்தில் அவர் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆத்திரேலியா சென்றவர், மற்றவர்களின் காயங்களால் 2020 திசம்பர் 2 அன்று ஒருநாள் போட்டியிலும், இரு நாட்களில் இருபது ஓவர் போட்டியிலும், 2021 சனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே. அவர் சின்னப்பம்பட்டியில் அமைத்த கிரிக்கெட் மைதானம் 2023 சூனில் திறக்கப்பட்டது.

வருண் சக்கரவர்த்தி

1991 இல் பிறந்த வருண், பள்ளி நாட்களில் விக்கெட் காப்பாளராக இருந்து, 17 வயதளவில் ஆட்டத்தை விட்டார். கட்டடக்கலை பயின்று அத்துறையில் பணியாற்றியபின், வேலையைத் துறந்து மீண்டும் கிரிக்கெட்டுக்கு வந்தார். முதலில் வேகப்பந்து வீசியவர் முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்துக்கு மாறினார். 2017-18 இல் நான்காம் பிரிவில் ஜூபிலி கழகத்துக்காக 8.26 என்னும் சராசரியில் 31 விக்கெட்டுகள் எடுத்தபோது அவருக்கு 26 வயது. மாவட்ட, மாநில வயதுப் பிரிவு எதன் பட்டியலிலும் அவருக்கு இடமிருக்க இயலாது.

2018 டிஎன்பிஎல் போட்டியில் மதுரை பாந்தர்ஸ் கோப்பையை வென்றபோது அவர் 10 ஆட்டங்களில் எடுத்தவை 9 விக்கெட்டுகள் மட்டுமே. விக்கெட் பட்டியலை மட்டும் பார்த்தவர் அவரைத் தாண்டிச் சென்றிருப்பார். ஓவருக்கு அவர் கொடுத்த ஓட்டங்கள் 4.7. இருபது ஓவர் ஆட்டத்தில் ஓவருக்கு ஏழு ஓட்டங்களே சிக்கனமாகக் கருதப்படும் நிலையில் இது அசாதாரணமானது. அவரது பந்து எத்திசையில் திரும்பும் என மட்டையாளர்களுக்குத் தெரியவில்லை என்பதே இதன் பொருள். அவ்வாண்டு திசம்பர் ஏலத்தில் 20 இலட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணி அவரை வாங்கியது.

மதிப்பீடு இத்துடன் முடிவடையவில்லை. 2019 இல் அவர் வீசிய முதல் ஐபிஎல் ஓவரில் 25 ஓட்டங்கள் அடிக்கப்பட்டன. காயமும் சேர, அப்பருவத்தில் அவர் ஆடியது ஓர் ஆட்டமே. பஞ்சாப் விடுவித்தவரைக் கொல்கத்தா 4 கோடிக்கு வாங்கியது. 2020 பருவத்தில் 17 விக்கெட்டுகள் எடுத்து இந்திய அணிக்குத் தேர்வானார். 2021 இருபது ஓவர் உலகக்கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் கிடைக்காததால் மூன்று ஆண்டுகள் ஒதுக்கப்பட்டார். 2024 இல் கொல்கத்தா ஐபிஎல் கோப்பையை வென்றபோது 21 விக்கெட்டுகள் எடுத்து மீண்டும் அழைக்கப்பட்டார். 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தியபோது அவருக்கு 33 வயது. ஏழு ஆண்டுகளில் ஒரே ஆட்டக்காரர் குறைந்தது இருமுறை 'தேறாதவர்' என ஒதுக்கப்பட்டு, இருமுறையும் அக்கணிப்பு பொய்த்தது.

வேகம் என்னும் மூலப்பொருள்

கண்ணுக்குத் தெரியும் ஒரு திறனை மட்டும் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றைக் கற்பிக்கலாம் என்னும் அணுகுமுறையும் உண்டு. 1987 இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை இத்தகையது. ஆத்திரேலியர் டென்னிஸ் லில்லி, தமிழ்நாட்டின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் டி. ஏ. சேகர் ஆகியோர் இதை வழிநடத்தினர். 2012 இல் லில்லியின் பொறுப்பைக் கிளென் மெக்ரா ஏற்றார். ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், சாகீர் கான் உள்ளிட்டோர் இங்குப் பயின்றனர். வேகப்பந்து வீசும் ஆசையுடன் 1987 இல் இங்கு வந்த சச்சின் டெண்டுல்கரை மட்டையாட்டத்தில் கவனம் செலுத்துமாறு லில்லி அனுப்பிவைத்தது பலரும் அறிந்த செய்தி. மறுப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே.

இதே அணுகுமுறையின் எல்லையைக் காட்டும் சோதனை ஒன்று பேஸ்பாலை நோக்கி இந்தியாவில் நடைபெற்றது. 2008 இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்னும் தொலைக்காட்சிப் போட்டி, வேகமாகவும் குறிதவறாமலும் எறியும் இளைஞர்களை நாடெங்கும் தேடியது. அதில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலை முன்பு ஆடியதேயில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்து தன் கீழ்நிலை அணிகளில் சேர்த்தது. தினேஷ் 2010 இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் சில படிகள் ஏறியபின் கைக் காயங்களால் மேலே செல்ல இயலவில்லை. கை இருந்தது; பத்து வயது முதல் ஆடிவந்தவருக்கு இயல்பாக வரும் ஆட்ட அறிவைச் சில ஆண்டுகளில் ஊட்டுவது அரிதாக இருந்தது. 2014 இல் வெளிவந்த இதே பெயர்கொண்ட திரைப்படத்துக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார்.

அழைக்கப்படாதவர்கள்

தமிழ்நாட்டுக்காக 100 ரஞ்சி ஆட்டங்கள் ஆடி, முதல்தரக் கிரிக்கெட்டில் 8,000 ஓட்டங்களுக்கு மேல் குவித்த எஸ். சரத் இந்திய அணிக்கு ஒருமுறையும் ஆடவில்லை. முதல்தர ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களைக் கடந்த எஸ். பத்ரிநாத்துக்கு 29 ஆம் வயதில் கிடைத்தவை இரண்டே டெஸ்டுகள். இவர்கள் கணிப்பில் விடுபட்டவர்கள் அல்லர். அவர்கள் காலத்து இந்திய நடுவரிசையில் இடம் காலியாகவில்லை. எனவே ஒருவர் மேலேறாததை அவர் திறனின்மைக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. சரத் 2021 இல் இந்திய இளையோர் தேர்வுக்குழுவின் தலைவரானார். அக்குழு தேர்ந்தெடுத்த அணி 2022 இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையை வென்றது.

மாநில நிலைக்கும் தேசிய நிலைக்கும் மதிப்பீடு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அணி சாய் சுதர்சனை 21.6 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அப்போது அவரது ஐபிஎல் ஊதியம் 20 இலட்சம். அதாவது அவரை நேரில் பார்த்துவந்தவர்கள் கொடுத்த விலையே கூடுதல். அவ்வாண்டு ஐபிஎல் இறுதியாட்டத்தில் 96 ஓட்டங்கள் எடுத்த அவர், 2025 ஐபிஎல் பருவத்தில் 759 ஓட்டங்களுடன் முதலிடம் பெற்று, அதே ஆண்டு சூனில் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார்.

பெண்கள் கிரிக்கெட்

பெண்களுக்கு இப்படிநிலை மிக அண்மையில் உருவானது. இடைப்படிகள் இன்னும் குறைவு. பெண்கள் பிரீமியர் லீக் 2023 இல் தொடங்கியது. 2024 பருவத்தில் தமிழ்நாட்டு வீராங்கனை கீர்த்தனா மும்பை அணிக்காக அதில் ஆடினார். 2024 திசம்பர் ஏலத்தில் 16 வயது ஜி. கமலினியை அதே அணி 1.6 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடுத்த மாதம் தொடங்கிய 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றிருந்தார்.